போரை அறிவிப்பது யார், நடத்துவது யார்? ஒரே ஒரு சொல்லை மாற்றிய ஜேம்ஸ் மேடிசனின் கதை

அமெரிக்கப் போர்க்கப்பல்கள் எங்காவது நகர ஆரம்பித்தாலே வாஷிங்டனில் ஒரு கேள்வி கிளம்பிவிடும். அதிபர் காங்கிரஸிடம் கேட்டாரா, இல்லையா? டிவி விவாதங்களில் வழக்கறிஞர்கள் மோதிக்கொள்வார்கள், எம்.பி.க்கள் கொந்தளிப்பார்கள். இரண்டு தரப்பும் கடைசியில் சாட்சிக்குக் கூப்பிடுவது ஒரே ஆளைத்தான்: 1836-ல் இறந்துபோன ஜேம்ஸ் மேடிசன்.

(காங்கிரஸ் என்றால் இங்கே கட்சி இல்லை. பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரண்டு அவைகள் கொண்ட அமெரிக்க நாடாளுமன்றம்.)

அமெரிக்காவின் 4-வது அதிபர், அரசியல் சாசனத்தின் தந்தை. இதெல்லாம் பொது அறிவுக் கேள்விகளிலேயே வந்துவிடும். அதிகம் பேசப்படாத பகுதி வேறு. போரைத் தொடங்கும் அதிகாரம் தனி ஒருவர் கையில் போகக் கூடாது என்று சாசனத்தை எழுதும்போது வாதாடியவர் மேடிசன். 25 வருஷம் கழித்து, அதே சாசனத்தின் கீழ் முதல் போர்ப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட அதிபரும் அவர்தான். அந்தப் போர் அவர் வீட்டையே எரித்தது.

சாராயம் தராமல் தோற்றவர்

மேடிசன் பிறந்தது 1751 மார்ச் 16. 12 பிள்ளைகளில் மூத்தவர். வர்ஜீனியாவில் மான்ட்பெலியர் என்ற பெரிய தோட்டத்தில் வளர்ந்தார். அந்த வசதி முழுக்க அடிமைகளின் உழைப்பில் வந்தது. அவர் காலத்தில் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். சுதந்திரத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதியவர், உயிலில்கூட அவர்களில் ஒருவரையும் விடுவிக்கவில்லை. மேடிசனைப் பற்றி எது சொன்னாலும் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆள் சின்ன உருவம். உயரம் சுமார் 5 அடி 4 அங்குலம், எடை 45 கிலோ அளவுக்குத்தான். குரல் எழும்பாது, அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும். பிரிட்டனுக்கு எதிராகப் புரட்சி தொடங்கியபோது உள்ளூர்ப் படையில் கர்னல் பதவி கிடைத்தது. உடல்நிலை காரணமாகப் போர்க்களம் பக்கம் போகவே இல்லை. படிப்பில் மட்டும் வெறி. இப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமாக இருக்கும் கல்லூரியில் பட்டப்படிப்பை 2 வருஷத்தில் முடித்தார்.

1777-ல் மாநில சட்டமன்றத் தேர்தலில் தோற்றார். வாக்காளர்களுக்குச் சாராயம் ஊற்றுவது அந்த ஊர் வழக்கம், அதை அவர் செய்ய மறுத்தார். நமக்கும் பழக்கமான காட்சிதான்!

1780-ல் கான்டினென்டல் காங்கிரஸுக்குப் போனார். அங்கே இருந்தவர்களில் வயதில் இளையவர் அவரே. அந்த அரசுக்கு அதிபர் என்று தனியாக ஒருவர் கிடையாது. போரா, சமாதானமா என்பதை 13 மாநிலங்களில் 9 சம்மதித்தால்தான் முடிவு செய்யலாம். வரி போட அதிகாரம் இல்லை, சிப்பாய்களுக்குச் சம்பளம் தர வழியில்லை. 1783-ல் சம்பளம் கேட்டு சிப்பாய்களே பிலடெல்பியாவில் காங்கிரஸைச் சூழ்ந்துகொள்ள, உறுப்பினர்கள் ஊரைவிட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. கையாலாகாத அரசு எப்படி இருக்கும் என்பதை மேடிசன் கண்ணெதிரே பார்த்தார். அதிகாரத்தைக் கண்டு வெறுமனே பயந்தவர் இல்லை அவர். போதுமான அதிகாரம் இல்லாத அரசும் அவருக்குப் பயம்தான்.

1787 ஆகஸ்ட் 17

புதிய சாசனம் எழுத 1787 கோடையில் பிலடெல்பியாவில் பிரதிநிதிகள் கூடினார்கள். மேடிசன் எல்லோருக்கும் முன்னாடியே வந்துவிட்டார். கூட்டத்தில் முன்பக்கமாக உட்கார்ந்து, யார் என்ன பேசினாலும் குறித்துக்கொண்டார். உள்ளே நடப்பது வெளியே போகக் கூடாது என்று முடிவாகியிருந்ததால், அன்று நடந்தவை பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இவருடைய குறிப்பேடு வழியாக வந்ததுதான்.

ஆகஸ்ட் 17 அன்று போர் அதிகாரம் விவாதத்துக்கு வந்தது. குழு தயாரித்த வரைவில், போர் நடத்தும் அதிகாரம் காங்கிரஸுக்கு என்று இருந்தது. ஆங்கிலத்தில் ‘மேக்’ என்ற சொல்.

தென் கரோலினாவின் சார்லஸ் பிங்க்னிக்கு அது பிடிக்கவில்லை. இத்தனை பேர் கொண்ட சபை கூடிப் பேசி முடிப்பதற்குள் காலம் போய்விடும், செனட்டிடம் மட்டும் கொடுக்கலாம் என்றார். அதே மாநிலத்தின் பியர்ஸ் பட்லர் இன்னும் ஒரு படி மேலே போனார். அதிபரிடமே கொடுத்துவிடுங்கள், நாடே ஆதரிக்காத போரில் அவர் இறங்க மாட்டார் என்பது அவர் வாதம்.

இங்கேதான் மேடிசனும் மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் ஜெர்ரியும் எழுந்தார்கள். ‘மேக்’ என்பதை எடுத்துவிட்டு ‘டிக்ளேர்’ என்று போடலாம் என்றார்கள். அதாவது, போர் நடத்துவது என்பது போர் அறிவிப்பது என்று மாறும். எதிரி திடீரென்று தாக்கினால், காங்கிரஸ் கூடும்வரை காத்திருக்காமல் அதிபர் திருப்பி அடிக்கலாம். அந்த அளவுக்கு மட்டும் கதவு திறந்திருக்கும்.

பட்லரின் யோசனையைக் கேட்ட ஜெர்ரிக்கு அதிர்ச்சி. மக்களாட்சி நாட்டில், ஒருவர் மட்டும் போர் அறிவிக்கலாம் என்று யாராவது கேட்பார்கள் என அவர் எதிர்பார்க்கவே இல்லை. வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன், போருக்குப் போகும் பாதை வழுக்கலாக இருக்கக் கூடாது, முட்டுக்கட்டைகள் இருக்கட்டும் என்ற கருத்தோடு ‘டிக்ளேர்’ பக்கம் நின்றார். ‘நடத்துவது’ என்று விட்டால் படையை எப்படி நகர்த்துவது என்பதைக்கூட காங்கிரஸ் முடிவு செய்யும் என்று பொருள் வந்துவிடும், அது அதிபர் வேலை என்று ரூஃபஸ் கிங் விளக்கினார். அதைக் கேட்டு கனெக்டிகட் தன் வாக்கை மாற்றிக்கொண்டது. தீர்மானம் நிறைவேறியது.

மொத்த விவாதமும் மேடிசனின் குறிப்பில் ஒரு பக்கம் வந்தாலே அதிகம். பின்னாளில் இதை வைத்து எத்தனை புத்தகங்கள் வரப்போகின்றன என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றியிருக்காது.

கடைசியில் அதிகாரம் பிரிந்த விதம் இதுதான். போர் அறிவிப்பது, எதிரிக் கப்பல்களைப் பிடிக்கத் தனியார் கப்பல்களுக்கு உரிமம் தருவது, ராணுவத்தையும் கடற்படையையும் உருவாக்குவது, அதற்குப் பணம் ஒதுக்குவது எல்லாம் காங்கிரஸ். ராணுவத்துக்கான பணத்தை ஒரே தடவையில் 2 ஆண்டுக்கு மேல் ஒதுக்கவும் முடியாது. அதிபர், படைகளின் தலைமைத் தளபதி. அவர் செய்யும் ஒப்பந்தத்துக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அன்றைய பிரிட்டனில் இது எல்லாமே, பணத்தைத் தவிர, சட்டப்படி ராஜாவின் கையில் இருந்தது. அந்தக் கட்டைத்தான் இவர்கள் பிரித்துப் போட்டார்கள்.

நண்பரோடு பேனாச் சண்டை

சாசனத்துக்கு ஆதரவாக மேடிசனோடு சேர்ந்து கட்டுரைகள் எழுதியவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். 6 வருஷத்துக்குள் இருவரும் எதிரெதிர் பக்கம் நின்றார்கள்.

1793-ல் பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் போர். அமெரிக்கா யார் பக்கமும் சேராது என்று அதிபர் வாஷிங்டன் தானாகவே அறிவித்தார். பிரான்ஸோடு 1778-ல் போட்ட கூட்டணி ஒப்பந்தம் அப்போதும் இருந்தது. வெளிநாட்டு விவகாரம் இயல்பாகவே அதிபரின் அதிகாரம், சாசனம் குறிப்பிட்டுச் சொன்ன விஷயங்கள் மட்டுமே விதிவிலக்கு என்று ஹாமில்டன் ‘பசிஃபிகஸ்’ என்ற புனைபெயரில் எழுதினார். தாமஸ் ஜெஃபர்சன் பதறிப்போய், பேனாவை எடுங்கள் என்று மேடிசனை நச்சரித்தார். மேடிசனுக்கு அந்த வேலையில் இஷ்டமே இல்லை. இருந்தாலும் ‘ஹெல்விடியஸ்’ என்ற பெயரில் 5 கட்டுரைகள் எழுதினார்.

அவர் வாதம் எளிமையானது. போரை நடத்தப்போகிறவரே, போர் தேவையா என்று தீர்ப்புச் சொல்பவராகவும் இருக்க முடியாது. போர் வந்தால் படை பெருகும், பதவிகள் பெருகும், பணம் புழங்கும், புகழ் கிடைக்கும். எல்லாமே அதிபரின் கைக்குத்தான் போகும். ஆசை அதிகம் உள்ள இடத்தில் சாவியைக் கொடுக்கக் கூடாது. 1798-ல் ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதத்திலும் இதையே சொன்னார்.

நடுவில் 1794-ல், 43 வயதில் டாலி என்ற இளம் விதவையைத் திருமணம் செய்துகொண்டார். கூச்ச சுபாவமான மேடிசனுக்கு நேர் எதிர் டாலி. அரசியல் எதிரிகளையும் விருந்துக்குக் கூப்பிட்டுச் சிரிக்க வைப்பார்.

1801-ல் ஜெஃபர்சன் அதிபர், மேடிசன் வெளியுறவு அமைச்சர். அமெரிக்கக் கப்பல்களைத் தொல்லை செய்த வட ஆப்பிரிக்காவின் டிரிபோலி, போரையும் அறிவித்தது. அங்கே போன அமெரிக்கக் கப்பல் ஒன்று, எதிரிக் கப்பலை அடித்து நொறுக்கிய பிறகும் அதைப் பிடித்து வைக்காமல் விட்டுவிட்டது. தற்காப்பைத் தாண்டிப் போக காங்கிரஸின் அனுமதி இல்லை என்று ஜெஃபர்சன் விளக்கம் சொன்னார். 1802 பிப்ரவரியில் காங்கிரஸ் அனுமதிச் சட்டம் போட்டது. போர் அறிவிக்காமலே படைக்கு அனுமதி தரலாம் என்ற வழக்கம் இப்படித்தான் ஊன்றிக்கொண்டது.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

1809-ல் மேடிசன் அதிபரானார். இங்கே ஒரு கறையைச் சொல்லாமல் போக முடியாது. 1810-ல் ஸ்பெயினின் மேற்கு ஃபுளோரிடாவில் குடியேறியவர்கள் கலகம் செய்தபோது, காங்கிரஸ் கூடாத நேரத்தில், அந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளும்படி அவர் ஒரு பிரகடனம் வெளியிட்டார். 1803-ல் லூசியானாவை வாங்கியபோதே இதுவும் எங்களுடையது என்பது அவர் சொன்ன காரணம். எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்டுகள் விடவில்லை. காங்கிரஸைக் கேட்காமல் இன்னொரு நாட்டின் பிடியில் உள்ள நிலத்தில் படையோடு நுழைவது என்ன நியாயம் என்று கேட்டார்கள். ஹெல்விடியஸ் எழுதியவருக்கு இதற்குப் பதில் சொல்வது கஷ்டம்தான்.

பெரிய தலைவலி பிரிட்டன். நெப்போலியனோடு சண்டையில் இருந்த பிரிட்டிஷ் கடற்படை, அமெரிக்கக் கப்பல்களை நடுக்கடலில் நிறுத்தி ஆயிரக்கணக்கான மாலுமிகளைப் பிடித்துக்கொண்டுபோய்த் தன் கப்பல்களில் வேலை வாங்கியது. வணிகத்தையும் முடக்கியது. தடைச் சட்டம், பேச்சுவார்த்தை எதுவும் பலிக்கவில்லை. ஹென்றி கிளே போன்ற இளம் எம்.பி.க்கள் போர் வேண்டும் என்று குதித்தார்கள்.

1812 ஜூன் 1 அன்று மேடிசன் காங்கிரஸுக்குச் செய்தி அனுப்பினார். பிரிட்டனின் குற்றங்களை வரிசையாக அடுக்கினார். போர் அறிவியுங்கள் என்று மட்டும் நேரடியாகக் கேட்கவில்லை. இது உங்கள் முடிவு என்று சாசனம் சொல்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்ற தொனி. கோழைத்தனம் என்று சிலர் கிண்டல் செய்தார்கள். ஆனால் 1787-ல் சொன்னதை அப்படியே செய்து காட்டியதாகவும் எடுத்துக்கொள்ளலாம். அவர் மனம் போர்ப் பக்கம்தான் இருந்தது என்பதை அந்தக் குற்றப்பட்டியலே காட்டிக்கொடுத்துவிடும்.

பூட்டிய கதவுக்குள் விவாதம் நடந்தது. பிரதிநிதிகள் சபையில் 79-க்கு 49. செனட்டில் முழுப் போர் வேண்டாம், கடலில் மட்டும் பதிலடி போதும் என்ற யோசனை மயிரிழையில் தோற்றது. கடைசியில் 19-க்கு 13. ஃபெடரலிஸ்ட் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. அமெரிக்க வரலாற்றில் இவ்வளவு குறைந்த வித்தியாசத்தில் நிறைவேறிய போர்ப் பிரகடனம் வேறு இல்லை. ஜூன் 18-ல் மேடிசன் கையெழுத்திட்டார்.

கொடுமை என்னவென்றால், வணிகத் தடைகளை விலக்கப்போவதாக ஜூன் 16 அன்றே லண்டனில் அறிவித்துவிட்டார்கள். செய்தி கப்பலில் கடல் தாண்டி வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் போர் தொடங்கிவிட்டது.

பணம் தராத காங்கிரஸ், எல்லை தாண்டாத படை

போர் அறிவித்த காங்கிரஸ் அதற்கான உள்நாட்டு வரிகளை உடனே போடவில்லை. அடுத்த வருஷம்தான் மனம் வந்தது. கடன் வாங்க தேசிய வங்கியும் இல்லை, அதன் உரிமத்தை 1811-லேயே காலாவதியாக விட்டிருந்தார்கள்.

மாநிலங்களின் மிலிஷியா, அதாவது குடிமக்கள் படை, இன்னொரு கதை. சட்டத்தை அமல்படுத்த, கலகத்தை அடக்க, ஊடுருவலைத் தடுக்க ஆகிய மூன்றுக்குத்தான் அதை அழைக்கலாம் என்கிறது சாசனம். மாசசூசெட்ஸ், கனெக்டிகட் ஆளுநர்கள் இதைக் காட்டி ஆள் அனுப்ப மறுத்தார்கள். 1812 அக்டோபரில் குவீன்ஸ்டன் போரில் நயாகரா ஆற்றங்கரை வரை வந்த நியூயார்க் மிலிஷியாக்காரர்கள் பலர், எதிர்க்கரையில் சொந்தப் படை தோற்றுக்கொண்டிருந்தபோதும் ஆற்றைக் கடக்கவில்லை. ஊடுருவலைத் தடுக்கத்தான் வந்தோம், கனடாவுக்குள் ஊடுருவ இல்லை என்றார்கள். பயம் பாதி, சட்டம் பாதி. 1814 கடைசியில் கட்டாய ராணுவச் சேவைத் திட்டத்தை அரசு கொண்டுவந்தபோது அதையும் காங்கிரஸ் நிறைவேற்றவில்லை.

1814 ஆகஸ்ட் 24. பிரிட்டிஷ் படை வாஷிங்டனை நோக்கி வந்தது. 63 வயது அதிபர், கடன் வாங்கிய இரண்டு கைத்துப்பாக்கிகளோடு குதிரையேறி பிளேடன்ஸ்பர்க் களத்துக்குப் போனார். சொந்தப் படையின் வரிசையையே தாண்டி எதிரி வரும் பக்கம் போய்விட இருந்தவரை ஒருவர் எச்சரித்துத் திருப்பினார். சில மணி நேரத்தில் அமெரிக்கப் படை சிதறி ஓடியது.

அதற்குள் வெளியுறவுத் துறை குமாஸ்தா ஸ்டீபன் பிளசன்டன் ஒரு காரியம் செய்திருந்தார். சுதந்திரப் பிரகடனம், அரசியல் சாசனம் உள்ளிட்ட மூல ஆவணங்களைத் துணிப் பைகளில் திணித்து, வண்டியில் ஏற்றி, வர்ஜீனியாவின் லீஸ்பர்க்குக்குக் கொண்டுபோய் ஒளித்து வைத்தார். மேடிசன் மாற்றிய அந்தச் சொல்லும் ஒரு பைக்குள் கிடந்து தப்பியது.

வாஷிங்டனின் பெரிய ஓவியத்தை டாலி காப்பாற்றிய கதை பிரபலம். அவர் தூக்கிக்கொண்டு ஓடினார் என்றுகூடச் சொல்வார்கள். அப்போது அந்த வீட்டில் இருந்த அடிமைச் சிறுவன் பால் ஜென்னிங்ஸ், பின்னாளில் விடுதலை பெற்று எழுதிய நினைவுக் குறிப்பில் இதை மறுக்கிறார். ஓவியத்தை இறக்கியவர்கள் வீட்டுப் பணியாளர்கள் என்கிறார். அன்று இரவு பிரிட்டிஷ் அதிகாரிகள், மேஜையில் தயாராக இருந்த விருந்தைச் சாப்பிட்டுவிட்டு அதிபர் மாளிகைக்குத் தீ வைத்தார்கள். காங்கிரஸ் கட்டடமும் எரிந்தது. மேடிசன் மூன்று நாளில் திரும்பி வந்தார்.

டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஃபெடரலிஸ்டுகள் ஹார்ட்ஃபோர்டில் ரகசியமாகக் கூடினார்கள். அவர்கள் கேட்ட திருத்தங்களில் ஒன்று கவனிக்க வேண்டியது: நேரடி ஊடுருவல் தவிர மற்ற நேரங்களில், இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால்தான் போர் அறிவிக்கலாம். மேடிசன் போட்ட பூட்டு போதாது, இன்னொரு பூட்டு வேண்டும் என்பதுதான் இதன் பொருள். அந்த விதி 1812-ல் இருந்திருந்தால் போர்ப் பிரகடனம் எந்த அவையிலும் தேறியிருக்காது. கோரிக்கையோடு ஆட்கள் வாஷிங்டன் வந்த நேரம் பார்த்து சமாதானச் செய்தியும் நியூ ஆர்லியன்ஸ் வெற்றிச் செய்தியும் வந்து சேர்ந்தன. கேலிப்பொருளாகித் திரும்பினார்கள்.

இத்தனை எதிர்ப்பிலும் மேடிசன் பத்திரிகைகளை மூடவில்லை, அரசை விமர்சித்தவர்களைச் சிறையில் தள்ளப் புதிதாகச் சட்டம் கொண்டுவரவும் இல்லை. போர்க்கால அதிபர்களில் இது அபூர்வம்.

1815 பிப்ரவரி 16-ல் செனட் சமாதான ஒப்பந்தத்தை ஒருமனதாக ஏற்றது. ஒரு வாரத்தில் மேடிசன் மறுபடி காங்கிரஸிடம் வந்தார். இந்த முறை அல்ஜியர்ஸுக்கு எதிராக, அதுவும் போர் அறிவியுங்கள் என்று நேரடியாகவே கேட்டு. காங்கிரஸ் பிரகடனம் செய்யவில்லை, படையைப் பயன்படுத்த அனுமதி மட்டும் தந்தது. கோடையிலேயே வேலை முடிந்தது.

குறிப்பேடு வெளியே வந்தபோது

1817-ல் பதவிக்காலம் முடிந்து மான்ட்பெலியர் திரும்பினார். சாசனக் குறிப்புகளைத் திருத்திச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார். உயிரோடு இருக்கும்வரை வெளியிட மறுத்தார். 1836 ஜூன் 28-ல், 85 வயதில் இறந்தபோது, சாசனம் எழுதியவர்களில் அவர்தான் கடைசி ஆள். குறிப்புகளை டாலியிடமிருந்து காங்கிரஸ் 30,000 டாலருக்கு வாங்கியது. 1840-ல் அச்சானது.

6 வருஷம்கூட ஒழுங்காகப் போகவில்லை. 1846-ல் அதிபர் போல்க், மெக்சிகோவும் உரிமை கோரிய நிலத்துக்குப் படையை அனுப்பினார். அங்கே மோதல் நடந்ததும், போர் ஏற்கெனவே வந்துவிட்டது என்று காங்கிரஸிடம் சொன்னார். எந்த இடத்தில் ரத்தம் சிந்தியது, காட்டுங்கள் என்று ஆபிரகாம் லிங்கன் என்ற புது எம்.பி. கேட்டுப் பார்த்தார். பயனில்லை. திடீர்த் தாக்குதலுக்காக மேடிசன் திறந்துவைத்த சின்னக் கதவு வழியாக யானையே போகும் என்று அன்று தெரிந்தது.

முறையான பிரகடனங்கள் மொத்தம் 5 போர்களுக்கு 11 தடவை. கடைசியாக 1942-ல். 1950-ல் கொரியாவுக்கு ட்ரூமன் காங்கிரஸைக் கேட்காமலே படை அனுப்பினார். வியட்நாமுக்கு 1964-ல் இரண்டே இரண்டு செனட்டர்கள் மட்டும் எதிர்த்த ஒரு தீர்மானம் போதுமானதாக இருந்தது. அந்தச் சூடு பட்ட பிறகு, 1973-ல் நிக்சனின் வீட்டோவை மீறி காங்கிரஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. படையை மோதலில் இறக்கினால் 48 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், அனுமதி கிடைக்காவிட்டால் 60 நாளில் வெளியேற ஆரம்பிக்க வேண்டும்.

2011-ல் லிபியாவில் 60 நாள் தாண்டியது. தரைப்படை இல்லை, தொடர் சண்டை இல்லை, எனவே இது அந்தச் சட்டம் சொல்லும் மோதலே இல்லை என்றது ஒபாமா நிர்வாகம். ஜூன் 24 அன்று பிரதிநிதிகள் சபையில் இரண்டு வாக்கெடுப்புகள் நடந்தன. நடவடிக்கைக்கு அனுமதி தரும் தீர்மானம் தோற்றது. அதற்கான பணத்தைக் குறைக்கும் மசோதாவும் தோற்றது.